மழலைப் பருவத்தின் மைல்கற்கள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதில் உண்மை உண்டு. ஆயினும், முளையை உற்றுப் பார்ப்பவனுக்கே அது தெரியும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. உழவன் நாற்றங்காலுக்கு நாள்தோறும் செல்கிறான். எந்த நாற்று வெளிறியிருக்கிறது, எதன் வேரில் நீர் தேங்கியிருக்கிறது என்று பார்க்கிறான். நம் வீட்டில் ஓடியாடித் திரியும் மூன்று வயதுக் குழந்தையை நாம் அவ்வாறு பார்ப்பதுண்டா? அதனைக் கொஞ்சுகிறோம், கடிந்துகொள்கிறோம், சோறூட்டி உறங்க வைக்கிறோம். ஆனால் சற்று நின்று கூர்ந்து நோக்குவது அரிதாகவே இருக்கிறது. பள்ளி செல்லும் வயதை எட்டாத இளங்குழந்தைகளின் வளர்ச்சியை எவ்வாறு நோக்குவது, எதன்பொருட்டு நோக்குவது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

குழந்தை தலை நிமிர்த்துதல், உட்காருதல், நடத்தல், பேசுதல் முதலிய படிகளை வளர்ச்சி மைல்கற்கள் என்று மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். இப்பெயர் பொருத்தமானதே. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை வேலூரைக் கடந்து, பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி என மேற்கு நோக்கிச் செல்கிறது. அச்சாலையில் ஊர்ப்பெயரும் தொலைவும் பொறித்த கற்கள் நிற்கின்றன. வண்டிகளைப் பந்தயம் விடுவதற்காகவா அவற்றை நட்டார்கள்? இல்லை, சரியான வழியில் செல்கிறோமா, இன்னும் எவ்வளவு தொலைவு உள்ளது என்று வழிப்போக்கன் அறிவதற்காகவே நட்டார்கள். குழந்தை வளர்ச்சியின் மைல்கற்களும் அத்தகையனவே. "அடுத்த வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதமே நடந்துவிட்டது, நம் பிள்ளை இன்னும் நடக்கவில்லையே" என்று ஒப்பிட்டு மனம் நோவதற்கு அவை ஏற்பட்டவை அல்ல. வழியில் எங்கேனும் தடைப்பட்டு நிற்கும் குழந்தையை உரிய காலத்தில் கண்டு, அதற்குக் கைகொடுப்பதே அவற்றின் பயன்.

இவ்வகை நோக்கு நமக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையை நீங்கள் பாடப்புத்தகங்களிற் கண்டிருப்பீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலாகப் பல நூல்கள் அவ்வகையில் எழுந்தன. குழந்தைப் பருவத்தை அவை பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றன. ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்ந்து அசைந்தாடுவது செங்கீரை. அது ஐந்தாம் மாதத்தை ஒட்டியது. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. அது ஒன்பதாம் மாதத்தை ஒட்டியது. தளர்நடையிட்டு வரும் குழந்தையை "வருக" என்று அழைப்பது வருகைப் பருவம்; அது ஓராண்டு நிறைவை ஒட்டியது. அதன்பின் குழந்தையோடு விளையாட வருமாறு நிலாவை அழைக்கும் அம்புலிப் பருவம் வருகிறது. மாதக் கணக்கில் பாட்டியல் நூல்கள் சிறிது வேறுபட்டாலும், வரிசையில் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழில் இறுதியாக வரும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்றும் மணல்வீடு, பறை, தேர் ஆகியவற்றைக் கொண்டு ஆடும் விளையாட்டுகள். பள்ளிக்கு முந்திய பருவத்தின் தொழில் விளையாட்டே என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர்.

மேனாட்டிலும் இவ்வாராய்ச்சி வீட்டிலிருந்தே தொடங்கியது. உயிரின வளர்ச்சிக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின், 1839ஆம் ஆண்டு இறுதியில் பிறந்த தம் மூத்த மகனின் செயல்களை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அக்குறிப்புகளைக் கொண்டு 1877ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தும் அவை பயன்பட்டதற்குக் காரணம், கண்டதைக் கண்ட அன்றே எழுதி வைத்ததுதான். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் என்னும் அறிஞர் இதனை ஒரு முறையான கலையாக்கினார். குழந்தைகள் ஒருபுறமிருந்து விளையாட, அவர்கள் காணாவண்ணம் மறுபுறமிருந்து நோக்கும் திரையையும், அசையும் படக்கருவியையும் அவர் பயன்படுத்தினார். இன்ன வயதில் இன்ன செயல் என்னும் அட்டவணைகள் அவருடைய உழைப்பிலிருந்து கிளைத்தவை.

அட்டவணை என்றவுடன் ஓர் ஐயம் எழும். எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் நடந்துவிடுமா? நடவா. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில், நல்ல ஊட்டத்துடன் வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கியது; அம்முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளிவந்தன. பிடிமானமின்றி உட்காருவது ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதம் வரையிலும், துணையின்றி நடப்பது 8 மாதம் முதல் 17½ மாதம் வரையிலும் பரவியிருந்தன. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடைக்கு வந்துவிட்டன. ஆதலால் மைல்கல் என்பது ஒரு நாள் அன்று, ஓர் இடைவெளி. அவ்விடைவெளிக்குள் எங்கு நின்றாலும் குறையில்லை. அதன் கடைசி எல்லையையும் தாண்டும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த எல்லையை எங்கே வைப்பது என்பதும் எளிய வினா அன்று. பாதிக் குழந்தைகள் செய்யும் வயதை எல்லையாக வைத்தால், மறுபாதியின் பெற்றோர் வீணே அஞ்சுவர். எல்லாரும் செய்து முடிக்கும் வயதை எல்லையாக வைத்தால், உதவி வேண்டிய குழந்தைக்குக் காலம் கடந்துவிடும். இதனை உணர்ந்தே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், பெற்றோருக்கான தன் பட்டியலை 2022ஆம் ஆண்டில் திருத்தி, நூற்றுக்கு எழுபத்தைந்து குழந்தைகளேனும் செய்யும் வயதை அளவுகோலாகக் கொண்டது.

நம் அண்டை மாநிலத்தில் இதற்கென ஓர் எளிய கருவி உண்டு. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவர்தம் குழுவினரும், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பதினேழு செயல்களைக் கொண்ட ஒரு வரைபடத்தை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. பட்டையின் தொடக்கமும் முடிவும் அச்செயலுக்குரிய வயது எல்லைகள். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை நெட்டாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறத்தில் முடிந்துபோன பட்டைக்குரிய செயல் எதையேனும் குழந்தை செய்யவில்லையாயின், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவ்வளவே. கல்வி மிகுதியாக இல்லாதவரும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பின்னர் இதனை ஆறு வயது வரையிலும் விரித்திருக்கிறார்கள். இது நோயை உறுதிசெய்யும் தேர்வு அன்று. யாரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும் சல்லடை மட்டுமே.

இனி, மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையிடம் எவற்றை நோக்குவது என்று காண்போம். பெரும்பாலான அட்டவணைகள் நான்கு துறைகளைக் கூறும்: உடலசைவு, கைத்திறம், மொழி, பிறரோடு பழகுதல்.

மூன்று வயதுக் குழந்தை காலை மாற்றி மாற்றி வைத்துப் படியேறும். நான்கு வயதை ஒட்டி ஒற்றைக் காலில் நொண்டத் தொடங்கும். பாண்டியாட்டத்தின் கட்டங்களைப் பெரிய பிள்ளைகளோடு தாண்ட முயல்வது அப்போதுதான். கைத்திறத்தில், மூன்று வயதில் வட்டமும், நான்கில் கூட்டற்குறியும், ஐந்தை ஒட்டிச் சதுரமும் முக்கோணமும் பார்த்து வரையும். வாசலில் அம்மா கோலமிடுகையில், எஞ்சிய மாவைக் கொண்டு குழந்தை அருகே கிறுக்குகிறதல்லவா? அக்கிறுக்கல் என்று வட்டமாக மூடுகிறது, என்று ஒரு புள்ளியை மறு புள்ளியோடு சேர்க்கிறது என்று பாருங்கள். மொழியில், மூன்று வயதில் மூன்று சொற்களைக் கோத்துப் பேசும். "ஏன்" என்னும் கேள்வி ஓயாது வரும். நான்கு வயதில் நடந்த ஒன்றைக் கதையாகச் சொல்லும். அயலாருக்கும் அதன் பேச்சு பெரும்பாலும் விளங்கும். பழக்கத்தில், தனித்து விளையாடிய குழந்தை பிறரோடு சேர்ந்து விளையாடவும், தன் முறைக்குக் காத்திருக்கவும் கற்கும். சொப்புச் சாமானில் சோறு சமைத்து நமக்குப் பரிமாறும். ஆம்பூர்க் குழந்தையாயின், அட்டையை வெட்டிச் செருப்புத் தைப்பதுபோலவும் நடிக்கும். இல்லாததை இருப்பதாகக் கொண்டு நடிக்கும் இவ்விளையாட்டு, வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குறிக்கும் ஆற்றல் அதில் பயிலப்படுகிறது. எழுத்தும் எண்ணும் அவ்வாற்றலின்மீதே பின்னர் எழுகின்றன.

நோக்குவதிலும் சில நெறிகள் உண்டு. முதலாவது, வாய்ப்பையும் திறனையும் வேறு பிரித்தல். பென்சிலையே பிடித்தறியாத குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்துச் சதுரம் வரையச் சொன்னால், அறியப்படுவது அதன் திறமன்று. அதன் வீட்டில் பென்சில் இல்லை என்பதே. அதே குழந்தை சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுமாயின், அதன் விரல்கள் செவ்வனே இயங்குகின்றன. இரண்டாவது, கண்டதையும் கருதியதையும் கலவாமை. "பிடிவாதக்காரன்" என்று எழுதுவது கருத்து; "பந்தைத் தா என்று மூன்று முறை கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை" என்று எழுதுவது காட்சி. முன்னதைப் படிக்கும் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. பின்னதைப் படித்தால், இக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற கேள்வி உடனே தோன்றும். மூன்றாவது, ஒருநாட் காட்சியைக் கொண்டு முடிவு கட்டாமை. காய்ச்சலிலும், பசியிலும், புதியவர் முன்னிலையிலும் குழந்தை தன் இயல்பைக் காட்டாது. நான்காவது, வயதைச் சரியாகக் கணக்கிடுதல். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு, முதலிரண்டு ஆண்டுகள் வரை அந்த இரண்டு மாதத்தைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

இவ்வளவும் நோக்குவதற்கு வீட்டில் ஆள் வேண்டுமே! இங்குதான் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலாலும் காலணித் தொழிலாலும் பெயர் பெற்றவை. காலணி ஆலைகளில் தையலிலும் ஒட்டுவேலையிலும் பெரும்பகுதியினர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் புறப்படும் தாய், விளக்கு வைக்கும் வேளையில் திரும்புகிறாள். அவள் காணும் குழந்தை பெரும்பாலும் உறங்கும் குழந்தை அல்லது உறக்கக் கலக்கத்தில் அழும் குழந்தை. இதற்காக அவளைக் குறைகூறுவது அறமாகாது. அவள் ஈட்டும் ஊதியமே அக்குழந்தையின் பாலும் முட்டையும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பிடம் அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்ததும், தாயும் சேயும் இவ்வாறு பிரிந்திருக்க நேர்வதை எண்ணியே.

பகற்பொழுதில் குழந்தையோடு இருப்போர் பாட்டி, அத்தை, மூத்த அக்காள், பால்வாடி என்று மக்கள் அழைக்கும் குழந்தைகள் மையத்தின் பணியாளர் ஆகியோரே. ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரிவதில்லை. "எனக்கு ஒன்றும் குறை தெரியவில்லையே" என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்வர். குறையோ அவர்களுடைய பொழுதுகளுக்கு இடையில் மறைந்து கிடக்கும். ஆகவே, கண்டவற்றை ஓரிடத்தில் குறித்து வைப்பது இத்தகைய வீடுகளில் இரட்டிப்புத் தேவையாகிறது. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்த ஒரு குறிப்பேடு போதும்.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. இங்கே பல வீடுகளில் உருதும், சில வீடுகளில் தெலுங்கும் பேசப்படுகின்றன. தெருவிலும் பால்வாடியிலும் தமிழ் ஒலிக்கிறது. இருமொழிக் குழந்தைக்குத் தமிழில் இருபது சொற்களே தெரியும் என்று கண்டு, "பேச்சு பிந்திவிட்டது" என்று முடிவு கட்டுவது தவறு. வீட்டு மொழியில் அறிந்த சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு மொழிகளையும் ஒரே வாக்கியத்தில் கலப்பதும் குறையன்று. ஆனால் இரு மொழியிலுமே சொல் இல்லையென்றால், "இரண்டு மொழி கேட்பதால் குழப்பம்" என்று ஆறுதல் கூறிக் காலம் தாழ்த்தலாகாது. இருமொழி வளர்ப்பு எக்குழந்தையையும் ஊமையாக்குவதில்லை.

பேசாத குழந்தைக்கு முதலில் சோதிக்க வேண்டியது காது. பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தையும் முதற் சில மாதங்கள் மழலை ஒலி எழுப்பும். ஆதலால் வீட்டார் ஏமாந்துவிடுவர். பின்னால் நின்று கதவைத் தட்டினால் அது திரும்புவதும் உண்டு. ஒலியைக் கேட்டன்று, தரையின் அதிர்வை உணர்ந்து அல்லது நிழலைக் கண்டு திரும்புகிறது. "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்னும் சொல் எத்தனையோ குழந்தைகளின் பொன்னான ஆண்டுகளைப் போக்கிவிட்டது. மூளை மொழியை எளிதாக ஏற்கும் காலம் இளமையே. இரண்டு வயதில் காதுக்கருவி பெற்ற குழந்தைக்கும் ஆறு வயதில் பெற்ற குழந்தைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இளங்குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. எனினும், உரிய வயதில் குறையைக் கண்டவருக்கே அது முழுப் பயன் தரும்.

வளர்ச்சியை நோக்குவதில் வேலூருக்கு உலக அரங்கில் ஓர் இடம் உண்டு. 2010ஆம் ஆண்டு தொடங்கி, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், நகரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளைப் பிறப்பு முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கினர். வங்காளதேசம், பிரேசில், பெரு, தான்சானியா முதலிய எட்டு நாடுகளில் நடைபெற்ற பெரியதோர் ஆராய்ச்சியின் இந்தியப் பகுதி இது. வீடுதோறும் சென்று, உணவு, நோய், உயரம், எடை, மொழி, அறிவுத்திறம் ஆகியவற்றைக் குறித்தனர். பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்தத்தில், இரண்டு வயதுக்குள்ளேயே ஈயத்தின் அளவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. தோல் பதனிடுதலில் பயன்படும் குரோமியம் வேறு, இந்த ஈயம் வேறு. ஈயம் பழைய வண்ணப்பூச்சு, மின்கலக் கழிவு, தூசி முதலிய பல வழிகளில் உடலுட் புகக்கூடியது. வளரும் மூளைக்குத் தீங்கு செய்வது. ஈயமேறிய குழந்தை வெளிப்பார்வைக்கு ஓடியாடிக்கொண்டே இருக்கும். இரண்டு வயதில் உயரம் குன்றிய குழந்தைகள் பின்னர் அறிவுத்திறத் தேர்வுகளில் பின்தங்கியதையும் இவ்வாராய்ச்சி காட்டியது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? குழந்தை ஒரு செயலைச் செய்யவில்லையெனில், குழந்தையை மட்டும் நோக்கிப் பயனில்லை. அது உண்ணும் சோற்றையும், தவழும் தரையையும், அதனோடு பேசும் மனிதரையும் சேர்த்து நோக்க வேண்டும். நோக்குவோர் பலராயின், குறை குழந்தையினுடையதா, சூழலினுடையதா என்பதும் விளங்கும்.

தாமதியாது மருத்துவரிடம் காட்ட வேண்டிய சில அறிகுறிகளை நினைவிற் கொள்ளுங்கள். பதினெட்டு மாதம் நிறைந்தும் நடவாமை. பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லேனும் சொல்லாமை. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை. நான்கு வயதிலும் பேச்சு அயலாருக்கு விளங்காமை. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, முன்பு செய்த ஒன்றை இழந்துவிடுதல். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்தினால், அதற்கு எந்த வயதும் விலக்கன்று; அந்த வாரமே மருத்துவரை நாட வேண்டும்.

நாடுவதற்கு இடமும் உண்டு. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முப்பத்து மூன்று வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அம்மையங்களுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சி பிந்திய குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றன. அங்கே பேச்சுப் பயிற்சியும் உடலியக்கப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. ஆனால் அக்குழு வரும் நாளில் குழந்தை மையத்தில் இருக்க வேண்டும். அதனைப் பற்றிச் சொல்லத்தக்க ஒருவரும் உடனிருக்க வேண்டும்.

மாணவ நேயர்களே, அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்று இருக்கக்கூடும். வாரம் ஒருமுறை கால்மணி நேரம் அதன் விளையாட்டை இடையிடாமல் பாருங்கள். நாளைக் குறியுங்கள், செய்ததை எழுதுங்கள், சொன்ன சொல்லை, எம்மொழியாயினும், சொன்னவாறே எழுதுங்கள். பெயர் சூட்டாதீர்கள்; மதிப்பெண் இடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், வளர்ச்சி என்னும் சொல்லின் பொருள் உங்களுக்கு நேரிலேயே விளங்கும். குறையொன்று தோன்றினால், அந்தக் குறிப்பேட்டைக் குழந்தையின் தாயிடம் கொடுங்கள். ஆலையிலிருந்து திரும்பும் அவள் பகலில் காணாத தன் பிள்ளையை அதில் காண்பாள். மருத்துவரிடம் செல்லும்போது எடுத்துக்கூற அவள் கையிலும் சான்று இருக்கும்.